ராசிக்கைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

தெருவில் ராசிக்கைக்காரர் என்று கேட்டால் போதும், பால் குடிக்கிற குழந்தைகூடக் கடையைக் காட்டிவிடும். கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, சுவரை ஒட்டி ஒரு மேசை, மேசைக்கு மேலே தொங்கும் குண்டு பல்பு, டப்பா டப்பாவாக ஸ்க்ரூக்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு மூலையில் மின்விசிறியோடு உட்கார்ந்திருக்குமே ஒரு தகரப் பெட்டி, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்கெல்லாம் அளந்து ஊட்டுமே, அந்தப் பவர் சப்ளையைப் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். வேறு எதையும் பழுதுபார்க்க வாங்கமாட்டார். யாராவது பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அடுத்த தெருவுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்.

பட்டம் சூட்டியவர் பக்கத்துக் கடைச் சாவிக்காரர். ஆட்கள் அழாத குறையாகப் பெட்டியைச் சுமந்துகொண்டு வருவார்கள். நேற்றெல்லாம் அசையவே இல்லை, தலைகீழாக நின்று பார்த்தும் உயிர் வரவில்லை என்பார்கள். அவர் வாங்கி மேசையில் வைப்பார், பிளக்கைச் செருகுவார், சாவிக்காரரோடு டீ குடிக்கப் போய்விடுவார். டீ குடிக்காமல் எந்தப் பெட்டியையும் பார்ப்பதில்லை என்பது அவர் வழக்கம். திரும்பி வந்து பொத்தானைத் தட்டினால் வந்த பெட்டிகளில் பாதி சொன்ன பேச்சைக் கேட்கும். கொண்டு வந்தவர் வாயைப் பிளப்பார். வழியில் குலுங்கியதில் தளர்ந்த பிளக் சரியாக உட்கார்ந்திருக்கலாம், தூசி உதிர்ந்திருக்கலாம், இன்னும் எத்தனையோ இருக்கலாம். இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம்தான். சொன்னால் ராசி என்னாவது? அவர் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். நாளாக நாளாக, புதிதாகக் கடை திறப்பவர்கள் முதல் கம்ப்யூட்டரைப் போட்டுவிட அவரை வரச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவரும் இஸ்திரி போட்ட சட்டையில் போய் ஒரு விரலால் அழுத்திவிட்டு வருவார்.

வெறும் ராசியில் காலம் தள்ளியவர் என்று நினைத்துவிட வேண்டாம். தொழில் தெரிந்தவர். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் வலது கையை விடும்போது இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒரு கையோடு நிறுத்திக்கொண்டால், தப்பித் தவறி அடித்தாலும் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்க மின்சாரத்துக்கு வழியிருக்காது என்பது தொழில் பழகிய நாளில் பிடித்துக்கொண்ட பாடம். அந்தக் கை அங்கேயே குடியிருந்து பழகிவிட்டது. மகள் பள்ளியில் பரிசு வாங்கியபோது எடுத்த படத்தில்கூட ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, எங்கே ஷாக் அடிக்கப் போகிறதோ என்ற முகத்தோடு நிற்கிறார். தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பவர். தற்பெருமை மட்டும் ஒரு பிடி அதிகம். அது யாருக்குத்தான் இல்லை?

வெளியில் செல்லுபடியான ராசி வீட்டிலும் செல்லுபடியானது. படுக்கையறை ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒல்லியான பெட்டி. அவர் மனைவிக்கு ஒரு வழக்கம்: ஒருமுறை இடி விழுந்து டிவி கருகிய நாளிலிருந்து, படுக்கப் போகுமுன் வீடு முழுக்கச் சுற்றி எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிடுவாள். காலையில் மகளின் படிப்புக்காகச் சுவர்ச் சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துவாள். அது கல்லாட்டம் கிடக்கும். மறுபடி அழுத்துவாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு தடவை அழுத்துவாள். கடைசியில் குளியலறைப் பக்கம் குரல் கொடுப்பாள், "ஏங்க, வந்து ஒரு கை வச்சிட்டுப் போங்க." அவர் ஆற அமரக் குளித்து முடித்து, தோளில் துண்டோடு வந்து, ஒரே ஒரு தடவை அழுத்துவார். பெட்டி உடனே உறுமிக்கொண்டு எழுந்துவிடும். அது அப்பா கட்சி என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பகலெல்லாம் ஊரார் பெட்டிகளோடு மல்லுக்கட்டும் மனிதருக்குச் சொந்த வீட்டுப் பெட்டியைத் திறக்கக் கை வருவதில்லை. அதுவும் திறக்காமலே இவ்வளவு பேர் கிடைக்கும்போது எதற்காகத் திறப்பார்?

மனைவி கல்யாணத்துக்கு முன் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள். மகள் பிறந்ததும் அது நின்றுபோயிற்று. விரல்கள் மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கைப்பை மேலும், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தால் முழங்கால் மேலும் அவை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு, பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி ஒரு வாய்ப்பைக் கொண்டு வந்தாள். மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள்; அதைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கம்பெனிக்காரர்கள் தங்கள் புரோகிராமை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த ஒரு மெஷினில் மட்டும் அது ஓடும்படி செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் வேலை வரும். அந்த நேரத்தில் உள்ளே இல்லாவிட்டால் அடுத்து வரிசையில் இருப்பவருக்கு இடம் போய்விடும் என்று தோழி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

அவள் அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று வாய் விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தனக்கென்று எதையும் கேட்காதவள் நாற்காலிக்கு ஒரு மெத்தை வேண்டும் என்று கேட்டாள். மேசையைத் துடைத்தாள், மறுநாளும் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று மேசையையே திருப்பிப் போட்டாள். இதையெல்லாம் பார்த்த அவருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். சிக்கல் எங்கே வந்தது என்றால், அதே திங்கட்கிழமை விடியற்காலையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பதாக அவர் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். பில் போடும் கவுன்ட்டரைப் புது இடத்துக்கு மாற்றுகிறார்கள், கூட்டம் வருவதற்குள் மெஷின்கள் எல்லாம் ஓட வேண்டும்.

"நீங்க இல்லாத அன்னைக்கு இதை யாருங்க எழுப்புறது?" என்று மனைவி கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனித் தட்டிக் கழிக்க முடியாது. அவர் பவர் சப்ளையைக் கழற்றி, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து, வெயிலில் கடைக்குக் கொண்டு போனார். பிளக்கைச் செருகினார். டீ குடித்தார். திரும்பி வந்து பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தார்; கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்டியை மட்டும் ஓட வைக்க அதுதான் வழி. விசிறி ஜோராகச் சுற்றியது. மீட்டரை வைத்து அளந்தார், எண்கள் எல்லாம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றன. கார் விளக்கு ஒன்றை மாட்டிப் பாரம் கொடுத்தும் பார்த்தார். அதற்கும் அசரவில்லை. பெட்டியின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று முடிவு கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டினார். மறுநாள் காலை அது பழையபடி கல்லாட்டம் கிடந்தது. அவர் குளித்துவிட்டு வந்து தொட்டதும் எழுந்தது.

சப்ளை நல்லது என்றால் பொத்தான்தான் கெட்டது என்று பொத்தானை மாற்றினார். ஒயரை மாற்றினார். உள்ளே ஊதித் துடைத்தார். ஒவ்வொரு காலையும் அதே கதை. பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு சப்ளை மாட்டலாம் என்றால், கம்ப்யூட்டர் செய்த கம்பெனிக்காரன் அந்த ஒல்லி உடம்புக்கென்றே தனியாகச் செய்தது அது. கடையில் இருந்த எதுவும் உள்ளே நுழையவில்லை, வெளியிலிருந்து வரவழைக்கத் திங்கட்கிழமை தாண்டிவிடும். ஞாயிறு இரவு அணைக்காமலே ஓட விடலாமே என்று யோசனை சொன்னார். நடுவில் கரண்ட் போனால் என்று மனைவி கேட்டாள். அந்த வாரம் கரண்ட் வருவதும் போவதுமாகத்தான் இருந்தது. ராசிக்கைக்காரர் வீட்டுப் பெட்டிக்கே வைத்தியம் இல்லை என்று சாவிக்காரர் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார், இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்கு முன்பே அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. மனைவி இன்னும் எழுந்திருக்கவில்லை. மெதுவாகப் போய்ச் சுவர்ச் சுவிட்சைப் போட்டு, பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். ஆள்காட்டி விரலை விட்டுக் கட்டை விரலால் அழுத்தினார். உட்கார்ந்து அழுத்தினார், நின்று அழுத்தினார். பெட்டி அவரை யார் என்றே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் மனைவி நின்றுகொண்டிருக்கிறாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை. நாளைய கவலை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவர் பல் தேய்க்கப் போனார்.

நெடுநேரம் கழித்து, பல் தேய்த்தும் முடிக்க மனமில்லாமல் அவர் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தபோது, படுக்கையறையில் பெட்டி உறுமும் சத்தம் கேட்டது. வாயில் நுரையோடு ஓடினார். மனைவி ஒரு கையில் துடைக்கும் துணியோடு நின்றிருந்தாள். போகிற போக்கில் சும்மா தட்டிப் பார்த்தாளாம். தன் விரலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க," என்றாள் மெதுவாக. "தினமும் முதல்ல நான் அழுத்துறேன், அப்புறம்தான் நீங்க வர்றீங்க. இன்னைக்கு முதல்ல நீங்க அழுத்துனீங்க, அப்புறம் நான் வந்தேன். அவ்வளவுதான்."

அவள் சொன்னது மண்டைக்குள் இறங்க இறங்க, அவருக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சுவர்ச் சுவிட்சைப் போட்டதுமே, கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும், சப்ளைக்குள் ஒரு சின்னப் பகுதிக்கு மின்சாரம் போய்விடும். மெல்ல மெல்ல அது சூடாகும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த ஏதோ ஒரு பாகம் அந்தச் சூட்டில் தேறிய பிறகுதான் பெட்டி எழுகிறது. யார் கை என்பதல்ல, யார் கடைசியாக வருகிறார் என்பதுதான் கணக்கு. கடையில் ஏன் ஓடியது என்பதும் விளங்கிவிட்டது: வெயிலில் ஸ்கூட்டர், தகரக் கூரை, பிளக்கைச் செருகிவிட்டுப் போன டீ. நினைக்க நினைக்க அவருக்குக் காது மடல் சுட்டது. ஊரே கொண்டாடிய ராசியில் பாதி டீக்கடையின் உபயம்.

அதைவிட இன்னொன்று அவரை உறுத்தியது. ஒவ்வொரு காலையும் செத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அழுத்தி, காத்திருந்து, அதைச் சூடாக்கி வைத்தவள் அவள். துண்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் வந்து தொட்டுவிட்டுப் பேரைத் தட்டிக்கொண்டு போனது இவர். அதற்கும் மகளைக் கூப்பிட்டு, அப்பா கையைப் பார்த்தாயா என்று மெச்சியவளும் அவள்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நேராகவே சொல்லிவிட்டார், "இத்தனை நாளும் நீ எழுப்பி வச்சதை நான் வந்து தொட்டுட்டுப் போயிருக்கேன்."

மனைவி அதைப் பெரிதுபடுத்தவில்லை. முன்னெல்லாம் சீக்கிரம் எழுந்துகொண்டிருந்த பெட்டி இப்போது வர வரத் தாமதமாகிறது, இன்றைக்கு ஒரு சமையலே முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். நாளைக்கு வெள்ளனவே சுவிட்சைப் போட்டு வைத்தால் ஓடினாலும் ஓடும். ஆனால் இப்படி இழுத்துக்கொண்டே போகிற பெட்டி என்றைக்கு ஒரேயடியாகப் படுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அது நாளையாகவும் இருக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையே பட்டறையானது. சப்ளையைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர்கள் நின்றன. பெரியதில் தேங்கியிருந்ததை முதலில் ஒரு பல்பு வழியாக வடித்தார். இந்தக் கப்பாசிட்டர் கெட்டால் சாதாரணமாகத் தலை வீங்கும். வீக்கத்தைத் தேடித்தான் அவர் கண் எப்போதும் போகும். இங்கே எல்லாத் தலையும் சப்பையாக, நல்ல பிள்ளைகளாக நின்றன. சூடேறி ஓடும் பெட்டியில் ஒவ்வொரு பாகமாகக் குளிர வைத்தால்தானே குற்றவாளி வாயைத் திறப்பான்? மகளிடம் ஐஸ் கட்டி கேட்டார். சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெளியே ஈரம் போகத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்து எடுத்தார். பிறகு பிளக்கைச் செருகி, இடது கை பைக்குள் போக, வலது கையால் பச்சையையும் கறுப்பையும் இணைத்தார். பெரியதைக் குளிர்வித்தார், விசிறி சுற்றியது. அடுத்ததைக் குளிர்வித்தார், சுற்றியது. மகள் இதென்ன பெட்டிக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூலையில் ஒரு குட்டிக் கப்பாசிட்டர், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை, சூடேறும் ஒரு ரெசிஸ்டரை ஒட்டிக்கொண்டு நின்றது. வருஷக் கணக்காக அந்தச் சூட்டிலேயே வெந்து உள்ளே காய்ந்துபோயிருந்தது, வெளியே பளபளப்பு மாறவில்லை. அதன் மேல் ஐஸை வைத்து எடுத்து ஒயரை இணைத்தார். விசிறி அசையவில்லை. சற்றுப் பொறுத்தார், இணைத்தார், சுற்றியது. மறுபடி ஐஸ், மறுபடி மௌனம். அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எத்தனையோ பெட்டியைச் சரி செய்திருக்கிறார். டீக்கு நடுவில் தானாக எழுந்தவை எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு பொடியனைக் கையும் களவுமாகப் பிடித்ததற்கு ஈடாகாது. கழற்றி மீட்டரில் போட்டால், மேலே எழுதியிருந்த அளவில் கால்வாசிகூடத் தேறவில்லை. கடையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வந்து, திசை பார்த்துப் பற்றவைத்தார். அதன் பிறகு ஐஸ் உருகித் தண்ணீராகும் வரை குளிர வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெட்டி எடுத்த எடுப்பிலேயே எழுந்தது. ஆனாலும் ஐஸ் வேறு, ஓர் இரவு முழுக்க ஆறிக் கிடப்பது வேறு. உண்மையான பரீட்சை திங்கட்கிழமை காலைதான். பெட்டிக்கும் அவளுக்கும் ஒரே நாளில் பரீட்சை.

திங்கட்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றபோது வெளியே வெளுக்க ஆரம்பித்திருந்தது. மனைவி தலை வாரி, ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி நல்ல புடவை கட்டி, மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுவர்ச் சுவிட்சு இன்னும் அணைந்தே இருந்தது. அவர் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.

"தொடாதீங்க," என்றாள்.

ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று அவர் இழுத்தார். இது ஓடாவிட்டால் இவளுக்கு வாய்ப்புப் போய்விடுமே, பார்க்காமல் எப்படிப் போவது என்று நினைத்தார்.

"உங்க ராசிய நம்பி இத்தனை நாள் குந்திக்கிட்டு இருந்தேன். நேத்து நீங்க செஞ்ச வேலைய என் கண்ணால பாத்தேன். அது போதும் எனக்கு. நீங்க கிளம்புங்க."

கிளம்பினார். ஆஸ்பத்திரியில் மெஷின்களைத் தூக்கினார், மாட்டினார், ஒயர் இழுத்தார். ஆனால் கவனமெல்லாம் பைக்குள் இருந்த போனில். பெட்டி ஓடவில்லை என்றால் அவள் கூப்பிடுவாள். போன் அடிக்கவில்லை. ஓடியதால் அடிக்கவில்லையா, ஓடாத வருத்தத்தில் அடிக்கவில்லையா? ஏழு மணி தாண்டியதும் பொறுக்கமாட்டாமல் அவரே கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மகள் எடுத்தாள், கிசுகிசுவென்று பேசினாள்.

"அப்பா, அம்மா வேலையில இருக்காங்க. சும்மா சும்மா கூப்பிடாதீங்க. முடிச்சிட்டுப் பேசுவாங்க."

ஓடியதா என்று கேட்கக்கூட விடாமல் வைத்துவிட்டாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் பேசிய அந்தச் சின்ன நேரத்தில் பின்னால் விசைப்பலகையின் சத்தம் கேட்டது, நிற்காமல், மூச்சு விடாமல், சடசடவென்று. கைப்பையின் மேலும் முழங்காலின் மேலும் இத்தனை வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் போடுகிற சத்தத்தை அவர் இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார். கண்ணில் நீர் முட்டியது. போனைப் பிடித்தபடி கவுன்ட்டர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

பில் போடும் பெண் அவரைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாள்.

"அதெல்லாம் இல்லம்மா," என்றார் அவர். "எங்க வீட்டம்மா வேலையில இருக்காங்க."

அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. சரி சார் என்று தலையாட்டிவிட்டுத் தன் மெஷினைப் போட்டுத் தரச் சொன்னாள். அவர் போட்டுக் கொடுத்தார். மேல் மாடிக்குப் போகும் வழியில், யாரும் கேட்காமலே, லிஃப்ட்காரரிடமும் அதை ஒரு முறை சொன்னார்.